எக்ஸ்பி சிஸ்டத்தில் டிஃப்ராக்: கேபிளில் தொடங்கி பேஜ் ஃபைலில் முடிந்த வேலை

ரேடியம் ஸ்டிக்கர் கட்டிங் கடை ஒன்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. டிஃப்ராக் (டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றாக அடுக்குவது) பண்ணி, பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) சீர்செய்து தரவேண்டும் என்பதுதான் எனக்கு வந்த வேலை. செய்து பார்த்தபோது டிஃப்ராக் கடைசியில் வரவேண்டிய வேலை என்று தெரிந்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. எந்த வரிசையில் செய்தேன், ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பலன் கிடைத்தது என்பதை எண்களோடு எழுதி வைக்கிறேன். பழைய மெஷின் ஓட்டும் கடைக்காரர்களுக்கும் அவர்களுக்கு சர்வீஸ் செய்பவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு கேள்வி வரும்: எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் முடிந்துவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு? அந்தக் கடையின் கட்டிங் பிளாட்டர் சீரியல் போர்ட்டில் இணைகிறது. அதற்கான மென்பொருளுக்கு பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் (மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் சின்னக் கருவி) வேண்டும். டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. மதர்போர்டு இன்டெல் 845ஜிவி சிப்செட். டிஸ்க்கை இணைக்க அதில் பழைய ஐடிஇ மட்டும்தான், அதற்குப் பின் வந்த சாட்டா கிடையாது. அடாப்டர் வைத்து எஸ்எஸ்டியை மாட்ட முடியும். ஆனால் எக்ஸ்பிக்கு டிரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) தெரியாது. அதோடு கடைக்கார அண்ணன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, டாங்கிள் ஒருதடவை முரண்டு பிடிச்சா அதோட என் பொழப்பு போச்சு. இருக்கிறதை ஓட வை, புதுசா எதையும் மாட்டிடாத." நியாயமான பேச்சு. மென்பொருள் கொடுத்தவர்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள், மறுபடி வாங்க இடமில்லை.

மெஷினின் விவரம்: பென்டியம் 4, 512 எம்பி டிடிஆர் ரேம் (256 எம்பி ஸ்டிக் இரண்டு), 7200 சுழற்சி வேகமுள்ள 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் கணக்கில் 74.5 ஜிபி. சி டிரைவ் 19.5 ஜிபி, மீதி டி டிரைவ். இணைய இணைப்பு இல்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அது நல்லதுதான். பென்டிரைவ் வழியாக மட்டும் வேலை வருகிறது.

எதையும் தொடுமுன் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வந்து, கேபினெட் முன்னாலிருக்கும் சிவப்பு விளக்கு அணையும் வரை: 6 நிமிடம் 40 விநாடி. இரண்டு, ஃபோட்டோக்கள் நிறைந்த ஒரு கோரல் டிரா (டிசைன் மென்பொருள்) ஃபைலைத் திறந்து, பக்கம் முழுதாக வரைந்து முடியும் வரை: 4 நிமிடம் 30 விநாடி. பெரிய கடை போர்டு டிசைன் அது. இதே ஃபைலைத்தான் கடைசி வரை சோதனைக்குப் பயன்படுத்தினேன். அளவு எடுக்காமல் வேலையைத் தொடங்கினால், முடிந்தபிறகு "கொஞ்சம் ஃபாஸ்ட்டா இருக்கிற மாதிரி இருக்கு" என்பதோடு நின்றுவிடும். எது பலன் தந்தது என்று தெரியாது.

அப்புறம் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. டிஃப்ராக் என்பது ஆயிரக்கணக்கான ஃபைல்களை எடுத்து வேறு இடத்தில் எழுதும் வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதைச் செய்தால் நாமே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவின் எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பை பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். பார்க்க வேண்டியவை நான்கு வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தன. இத்தனை வருடம் ஓடிய டிஸ்க்குக்கு இது பெரிய விஷயம். சி5இல் எண் ஏதாவது இருந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, டேட்டாவை மட்டும் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

நான்காவது வரியில்தான் கதை இருந்தது. சி7, அதாவது கேபிள் வழியாகப் போகும் டேட்டாவில் வந்த சிஆர்சி பிழைகளின் (டேட்டா வழியில் கெட்டதைக் காட்டுபவை) எண்ணிக்கை. அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, சி7 மட்டும் ஏறியிருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பார்த்தேன். "கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்" என்ற இடத்தில் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5 (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டா நேராக ரேமுக்குப் போகும் வேகமான முறை) இருக்க வேண்டும். இருந்தது பிஐஓ மோட். எக்ஸ்பியின் பழக்கம் இது: டைம் அவுட்டோ சிஆர்சி பிழையோ மொத்தம் ஆறு சேர்ந்துவிட்டால் வேகத்தை ஒரு படி இறக்கும். பிழை தொடர்ந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பிஐஓவில் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே கையில் எடுத்துத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஃபைல் காப்பி ஆகும்போது மவுஸ் தத்தித் தத்தி நகர்வது, பாட்டு கரகரப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். கடையில் அந்தக் கரகரப்பு நெடுநாளாக இருந்திருக்கிறது, ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார்கள்.

டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் எச்டி டியூனை, இலவசப் பதிப்பில், ஓடவிட்டேன். சராசரி வேகம் விநாடிக்கு 3 எம்பி. வரைபடத்தில் கோடு தரையை ஒட்டிப் படுத்தபடி போனது. இந்த நிலையில் டிஃப்ராக்கைத் தொடங்கியிருந்தால் ஒரு ராத்திரி முழுக்க ஓடியிருக்கும், பலனும் தெரிந்திருக்காது.

கேபினெட்டைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே போட்டிருந்தது 40 கம்பி கேபிள், சிடி டிரைவோடு வரும் வகை. அல்ட்ரா டிஎம்ஏ 33க்கு மேல் போக வேண்டுமானால் 80 கம்பி கேபிள் வேண்டும். இரண்டுக்கும் முனையில் 40 துளைகள்தான். கேபிளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: 80 கம்பி கேபிளில் வரிகள் மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும். கூடுதலாக வரும் 40 கம்பிகளும் எர்த், ஒரு சிக்னல் இன்னொன்றில் கலக்காமல் இருக்கத்தான். எப்போதோ சிடி டிரைவ் மாற்றியவர் கேபிளையும் இடம் மாற்றிவிட்டார் போலிருக்கிறது. போதாததற்கு அதை நான்காக மடித்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பவர் சப்ளை பெட்டி) அடியில் திணித்திருந்தார்கள். மடிப்பில் ஒரு இடத்தில் உறை வெளுத்து, விரிசல் விட்டிருந்தது.

80 கம்பி கேபிள் புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய சிஸ்டங்களைப் பிரித்து விற்கும் கடையில் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனை ஹார்ட் டிஸ்க்கில், நடுவில் உள்ள சாம்பல் நிற முனை இரண்டாவது டிரைவுக்கு. 45 செ.மீ. நீளத்துக்கு மேல் வாங்கக்கூடாது. கேபிளை மாற்றினால் மட்டும் எக்ஸ்பி தானாக டிஎம்ஏவுக்குத் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். திரும்பி வரும்போது புதிதாகக் கண்டுபிடித்து, இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும். அதற்கப்புறம் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5 வந்துவிட்டது. எச்டி டியூனில் ஆரம்பத்தில் விநாடிக்கு 55 எம்பி, கடைசியில் 30. பூட் நேரம் 3 நிமிடம் 5 விநாடியாக இறங்கியது. கோரல் ஃபைல் 1 நிமிடம் 50 விநாடி. 70 ரூபாயில் பாதிக்கும் மேல் சரியாகிவிட்டது. சி7 எண் குறையாது, அது ஆயுள் கணக்கு. மேலும் ஏறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எச்டி டியூன் வரைபடத்தில் வேகம் 55இலிருந்து 30க்குச் சரிகிறதே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டின் வெளிவிளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா அடங்கும், உள்ளே போகப் போகக் குறையும். சி டிரைவ் வெளிவிளிம்பில் இருக்கிறது. பேஜ் ஃபைலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இது உதவும்.

கேபிள் சரியான பிறகுதான் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்தேன். குளோன்சில்லாவின் 32 பிட் பதிப்பை சிடியில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, முழு டிஸ்க்கையும் யுஎஸ்பி வெளி டிஸ்க்கில் சேமித்தேன். அந்தக் காலத்து மதர்போர்டு பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் என்று நம்பிப் போகாதீர்கள், சிடி கையில் இருக்கட்டும். இமேஜ் இல்லாமல் செக்டிஸ்க்கைக்கூட (டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்ட மாட்டேன். கெட்ட இடத்தைச் சரிசெய்கிறேன் என்று அது ஃபைலைத் துண்டாக்கிய சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். இமேஜுக்குப் பிறகு சி டிரைவிலும் டி டிரைவிலும் செக்டிஸ்க்கை எஃப் சுவிட்சோடு ஓட்டினேன். சி டிரைவில் சில சின்னத் திருத்தங்கள், டி சுத்தம். செக்டர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும் ஆர் சுவிட்சை ராத்திரி ஓடவிட்டு வந்தேன். மோசமான செக்டர் ஏதும் இல்லை.

அடுத்தது இடம். எக்ஸ்பியின் டிஃப்ராக்மென்டருக்கு 15 சதவீதம் காலி இடம் வேண்டும். சி டிரைவில் இருந்தது 1.7 ஜிபி, 9 சதவீதத்துக்கும் குறைவு. கட்டாயப்படுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஆனால் ஃபைலை எடுத்துவைக்க இடமே இல்லாமல் கட்டாயப்படுத்தி என்ன பயன்?

எது இடத்தை அடைத்திருந்தது என்று பார்த்தேன். முதல் ஆள் சிஸ்டம் ரிஸ்டோர். எக்ஸ்பி அதற்கு டிரைவில் 12 சதவீதம் வரை ஒதுக்கும், 2.3 ஜிபி. அதை 400 எம்பியாகக் குறைத்தேன், டி டிரைவில் அணைத்தே விட்டேன். கையில் இமேஜ் இருப்பதால் பயமில்லை. இரண்டாவது ஹைபர்னேஷன் ஃபைல், ரேம் அளவுக்குச் சமமாக 512 எம்பி. கடையில் யாரும் ஹைபர்னேட் செய்வதில்லை, பவர் ஆப்ஷன்ஸில் போய் டிக்கை எடுத்ததும் ஃபைல் போய்விட்டது. டெம்ப் ஃபோல்டரில் 700 எம்பி, பெரும்பாலும் கோரல் கிராஷ் ஆனபோது விட்டுப்போன மிச்சங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் டாலர் குறியோடு தொடங்கும் பழைய அப்டேட் அன்இன்ஸ்டால் ஃபோல்டர்கள் 600 எம்பி. இனி எந்த அப்டேட்டையும் திரும்ப எடுக்கப் போவதில்லை என்பதால் அவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகர்த்தினேன். மொத்தத்தில் காலி இடம் 5.4 ஜிபி ஆனது.

எழுத்துருக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் டிடிபி, ஸ்டிக்கர் கடைகள் எல்லாவற்றிலும் உள்ள நோய் இது. ஒவ்வொரு வாடிக்கையாளர் கொண்டுவரும் ஃபைலுக்காகவும் ஒரு தமிழ் எழுத்துருக் கட்டை இன்ஸ்டால் செய்து, அப்படியே விட்டுவிடுவார்கள். இங்கே ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் 1,400க்கு மேல் இருந்தன. ஒவ்வொரு பூட்டிலும், கோரல் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இத்தனையையும் எக்ஸ்பி தடவிப் பார்க்க வேண்டும். அண்ணனை உட்காரவைத்து, தினமும் பயன்படுத்துவது எவை என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தோம். நம்பர் பிளேட் எண்களுக்கு நான்கைந்து, "அம்மா அப்பா ஆசி", சாமி பெயர்கள், கட்சிப் பெயர்கள் எழுத முப்பது நாற்பது தமிழ் எழுத்துரு, சில ஆங்கில எழுத்துருக்கள். சுமார் 180 போதும் என்று ஆனது. மீதி டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குப் போனது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். பூட் நேரம் 2 நிமிடம் 20 விநாடி ஆனது.

இப்போதுதான் டிஃப்ராக் வருகிறது. முதலில் அனலைஸ் மட்டும் ஓட்டி, "வியூ ரிப்போர்ட்" பொத்தானை அழுத்துங்கள். எல்லோரும் மேலே தெரியும் சிவப்பு, நீலக் கோடுகளைப் பார்த்துவிட்டு நேராக டிஃப்ராக்மென்ட் பொத்தானுக்குப் போய்விடுவார்கள். விஷயம் ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது. அதில் ஃபைல்களின் சிதறல் ஒரு பகுதி, பேஜ் ஃபைல் ஒரு பகுதி, எம்எஃப்டி (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கும். ஃபைல் சிதறல் 58 சதவீதம் என்று காட்டியது. பேஜ் ஃபைல் என்ற தலைப்பின் கீழ்: அளவு 768 எம்பி, துண்டுகள் 187.

இந்த 187 எப்படி வந்தது? எக்ஸ்பி தானாக முடிவு செய்யும்போது பேஜ் ஃபைலின் ஆரம்ப அளவு ரேமைப் போல ஒன்றரை மடங்கு, உச்ச அளவு மூன்று மடங்கு. 512 எம்பிக்கு 768, 1536. இடம் நிறைந்து சிதறிக் கிடந்த காலத்தில் அது உருவாகியிருக்கிறது. போதாதென்று, பெரிய டிசைன் திறக்கும்போதெல்லாம் கிடைத்த ஓட்டைகளில் வளரும், ரீஸ்டார்ட் செய்தால் பழைய அளவுக்குச் சுருங்கும், மறுநாள் மறுபடி வளரும். வளரும் நேரத்தில்தான் "வெர்ச்சுவல் மெமரி போதவில்லை" என்று மூலையில் மஞ்சள் பலூன் எட்டிப் பார்த்திருக்கிறது.

எக்ஸ்பியோடு வரும் டிஃப்ராக்மென்டர் பேஜ் ஃபைலைத் தொடாது. வரைபடத்தில் பச்சையாகக் காட்டும், அதாவது நகர்த்த முடியாதது. நடுவில் பச்சைப் பட்டைகள் நின்றுகொண்டிருந்தால் மற்ற ஃபைல்களையும் ஒழுங்காக அடுக்க முடியாது. அதனால் முதலில் பேஜ் ஃபைலை சி டிரைவிலிருந்து காலி செய்தேன். மை கம்ப்யூட்டர் புராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபாமன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, வெர்ச்சுவல் மெமரி. சி டிரைவுக்கு "நோ பேஜிங் ஃபைல்", டி டிரைவுக்குத் தற்காலிகமாக 768. ஒவ்வொரு மாற்றத்துக்கும் "செட்" பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாமல் ஓகே கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 512 எம்பி ரேமில் பேஜ் ஃபைலே இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டாம், பாதியில் மூச்சு முட்டும். ரீஸ்டார்ட் ஆனதும், மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி செய்து, சி டிரைவில் பேஜ்ஃபைல்.சிஸ் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

ஆன்டிவைரஸை நிறுத்தி, ஸ்கிரீன் சேவரை அணைத்து டிஃப்ராக்கைத் தொடங்கினேன். விண்டோஸ் 98 காலத்தில் டிஃப்ராக் ஓடும்போது மவுஸைத் தொடவே பயப்படுவோம். ஏதாவது ஒரு புரோகிராம் டிஸ்க்கில் எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். எக்ஸ்பியில் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனாலும் ஃபைல் பாதியில் சிதையாதபடி என்டிஎஃப்எஸ் (எக்ஸ்பி டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறை) பார்த்துக்கொள்ளும் என்றாலும், யுபிஎஸ்ஸில் பத்து நிமிடமாவது நிற்கிறதா என்று சோதித்துவிட்டே தொடங்கினேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று முக்கால் மணி நேரம். பெரிய ஃபைல்கள் சில மிஞ்சின, இரண்டாவது சுற்றில் அவையும் போயின. உடனே பேஜ் ஃபைலை சி டிரைவுக்குத் திருப்பினேன். ரிப்போர்ட் பார்த்தால் 11 துண்டுகள். காரணம் இதுதான்: எக்ஸ்பியின் டிஃப்ராக்மென்டர் ஃபைல்களைச் சேர்க்கும், காலி இடத்தைச் சேர்க்காது. வெள்ளைப் பகுதி வரைபடத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகவே இருந்தது. எக்ஸ்பியில் வருவது டிஸ்க்கீப்பரின் சுருக்கப்பட்ட பதிப்பு, அதற்கு அவ்வளவுதான் எல்லை.

187க்கு 11 மோசமில்லை. உண்மையில் பேஜ் ஃபைலை விண்டோஸ் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கிறது, எழுதுகிறது. ஃபைல் ஒரே நீட்டாக இருந்தாலும் 11ஆக இருந்தாலும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நூற்றுக்கணக்கில் போகும்போதுதான் டிஸ்க்கின் ஹெட் அலைவது காதிலேயே கேட்கும். ஆனாலும் வந்தது வந்தோம், முழுதாகச் செய்துவிடலாம் என்று பேஜ் ஃபைலை மறுபடி டி டிரைவுக்கு அனுப்பிவிட்டு, ஜேகே டிஃப்ராக்கை ஓட்டினேன். இன்ஸ்டால் தேவையில்லாத, இலவசமான சின்னக் கருவி. ஃபோல்டர்கள், சாதாரண ஃபைல்கள், அதிகம் தொடாத பெரிய ஃபைல்கள் என்று மூன்று மண்டலமாக அடுக்கி, காலி இடத்தைப் பின்னால் ஒன்றாகத் தள்ளும். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதற்குப் பிறகு உருவாக்கிய பேஜ் ஃபைல் ஒரே துண்டாக வந்தது.

கடைசியாக சிஸ்இன்டர்னல்ஸின் பேஜ் டிஃப்ராக். இது பேஜ் ஃபைலை மட்டுமல்ல, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களையும் ஈவன்ட் லாகுகளையும் (நிகழ்வுப் பதிவுகள்) துண்டில்லாமல் ஒன்றாகச் சேர்க்கும். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்னால், செக்டிஸ்க் ஓடுமே அந்த நீலத் திரையில் வேலை செய்யும், ஏனென்றால் விண்டோஸ் எழுந்தபின் அந்த ஃபைல்களை யாரும் தொட முடியாது. சாஃப்ட்வேர் ரெஜிஸ்ட்ரி ஃபைல் 60க்கு மேற்பட்ட துண்டுகளாக இருந்தது, ஒன்றானது. விஸ்டாவிலோ அதற்குப் பின் வந்தவற்றிலோ இந்தக் கருவி ஓடாது. டிஃப்ராக் எல்லாம் முடிந்தபிறகு பூட் 1 நிமிடம் 50 விநாடி, கோரல் ஃபைல் 1 நிமிடம் 25 விநாடி. பலன் உண்டு. கேபிள் தந்த அளவுக்கு இல்லை.

பேஜ் ஃபைலுக்கு எவ்வளவு அளவு வைப்பது? ஒன்றரை மடங்கு என்ற சூத்திரத்தை நான் நம்புவதில்லை, அளந்துதான் வைத்தேன். கடையின் பரபரப்பான ஒரு நாள் முழுக்க மெஷினை ஓடவிட்டு, மாலையில் டாஸ்க் மேனேஜரில் கமிட் சார்ஜ் (புரோகிராம்களுக்கு ஒதுக்கிய மொத்த மெமரி) பகுதியின் "பீக்" எண்ணைப் பார்த்தேன். கிட்டத்தட்ட 1,160 எம்பி. அங்கேயே "பிஎஃப் யூசேஜ்" என்று ஒரு பச்சைப் பட்டை இருக்கும். பெயரைப் பார்த்து அதுதான் பேஜ் ஃபைலில் எழுதப்பட்ட அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது கமிட் ஆன மொத்த மெமரி, ரேமும் சேர்த்து. பேஜ் ஃபைல் உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்று தெரிய, பெர்ஃபாமன்ஸ் மானிட்டரில் பேஜிங் ஃபைல் என்பதன் கீழ் "யூசேஜ் பீக்" சதவீதத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1,160 எம்பி தேவைப்படும் இடத்தில் ரேம் 512தான் இருக்கிறது. மீதியெல்லாம் டிஸ்க்கில் எழுதிப் படித்துத்தான் ஆகவேண்டும். பேஜ் ஃபைலை எவ்வளவு நேராக அடுக்கினாலும் இது மாறாது. ரேமைச் சேர்ப்பது பற்றி அண்ணனிடம் பேசினேன். டாங்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கியபின் சம்மதித்தார். 845ஜிவி 2 ஜிபி வரை எடுக்கும். 1 ஜிபி டிடிஆர் 400 ஸ்டிக் ஒன்று பழையது 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த போர்டில் அது 333 வேகத்தில் ஓடும், பரவாயில்லை. ஒரு 256ஐ எடுத்துவிட்டு இதைப் போட்டேன், மொத்தம் 1.25 ஜிபி. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டில் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பிழையில்லை என்று பார்த்த பிறகே விண்டோஸுக்குள் போனேன்.

பேஜ் ஃபைல் குறைந்தபட்சம் 1024, அதிகபட்சம் 1024. இரண்டும் ஒரே எண், அதனால் வளராது, சுருங்காது, துண்டாகாது. ரேமும் இதுவும் சேர்ந்து 2.2 ஜிபி வரை கமிட் தாங்கும், கண்ட உச்சத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோரல் ஃபைல் இப்போது 35 விநாடி. பூட் 1 நிமிடம் 35 விநாடி. அண்ணன் கோரலில் ஜூம் செய்து, உடனே வெளியே வந்து, மறுபடி ஜூம் செய்து பார்த்தார். "சரிப்பா, இனிமே கஸ்டமரை டீ குடிக்க அனுப்ப வேண்டியதில்லை" என்றார்.

பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றினால் வேகம் கூடும் என்று அறிவுரை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டி தனி டிஸ்க்காக இருந்தால் சரி. ஒரே டிஸ்க்கின் இன்னொரு பகுதியாக இருந்தால் நஷ்டம்தான். விண்டோஸ் ஃபைலுக்கு வெளிவிளிம்பு, பேஜ் ஃபைலுக்கு உள்பக்கம் என்று ஹெட் ஒவ்வொரு தடவையும் நீண்ட தூரம் போய்வர வேண்டும், அதோடு உள்பக்கம் வேகமும் குறைவு, எச்டி டியூன் கோடு காட்டியபடி. ஷட்டவுன் செய்யும்போது பேஜ் ஃபைலை அழிக்கும்படி ரெஜிஸ்ட்ரியில் மாற்றச் சொல்வார்கள். அது ரகசியம் காப்பதற்கான வசதி. வேகத்துக்கு உதவாது, ஷட்டவுன்தான் இழுக்கும்.

இதையெல்லாம் எஸ்எஸ்டியில் செய்யாதீர்கள். அதில் ஹெட் இல்லை, அடுக்கிப் பயனில்லை, எத்தனை தடவை எழுதலாம் என்ற அதன் ஆயுள்தான் வீணாகும். விண்டோஸ் 7 ஹார்ட் டிஸ்க்கை வாரம் ஒருமுறை, புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு, தானே டிஃப்ராக் செய்யும்படி வைத்திருக்கிறது. சிஸ்டத்தை ராத்திரி அணைத்துவிடும் வீடுகளில் அந்த நேரத்தை மாற்றி வைத்தால் போதும். விண்டோஸ் 8இலிருந்து எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்று பார்த்து, அதற்கேற்ப டிரிம்மோ டிஃப்ராக்கோ செய்கிறது.

செலவு: கேபிள் 70, ரேம் 450, சிமாஸ் பேட்டரி 25 (தேதி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது), சிடி 20. மொத்தம் 565 ரூபாய்.

அடுத்த தடவை வரிசையில் ஒன்றை மாற்றுவேன். ரேம் போடுவதை டிஃப்ராக்குக்கு முன்னாலேயே முடித்துவிடுவேன். ரேம் மாறினால் பேஜ் ஃபைல் அளவு மாறும், ஹைபர்னேட் வைத்திருந்தால் அந்த ஃபைலும் வளரும். எல்லாம் தீர்மானமான பிறகு ஒரே தடவையாக அடுக்குவதுதான் லாபம். டிஃப்ராக்கின் பலனைத் தனியாக அளக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தமுறை ரேமைக் கடைசியில் வைத்தேன். ஜேகே டிஃப்ராக் இருக்கும்போது எக்ஸ்பியின் சொந்த டிஃப்ராக்கை இரண்டு சுற்று ஓட்டுவதும் தேவையில்லை, அனலைஸ் ரிப்போர்ட்டுக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும்.

டி டிரைவை இன்னும் சுத்தம் செய்து டிஃப்ராக் பண்ணவில்லை. கோரல் தானாக உருவாக்கும் பேக்கப் ஃபைல்கள் அதில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று அண்ணன் உட்கார்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அங்கே கை வைக்கலாம். அதற்குள் யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்கும் இமேஜுக்கு இன்னொரு பிரதி எடுத்து, கடையில் அல்லாமல் அவர் வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதே 845 போர்டு பழையது ஒன்று கிடைத்தால் வாங்கி வைத்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.